பாதம் பார்த்துப் பேசியவள்

என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் என் காலைப் பார்த்துவிட்டாள். மேஜைக்கு அடியில் செருப்பை உதறிவிட்டு, குதிகால் இரண்டையும் தூக்கி, விரல் நுனியில் நான் உட்கார்ந்திருந்தேனாம். எனக்கே அது தெரியாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, சேர்ந்ததற்கான தாளில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோதும் குனிந்தே இருந்தாள்.

"இன்னாக்கா, டிரான்ஸ்பர் கேட்டுகினு கீறீங்களா?"

மனு என் கைப்பைக்குள் நான்காக மடித்துக் கிடந்தது. வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. யார் சொன்னது என்று அதட்டினேன்.

"யாரும் சொல்லலக்கா. குதிகாலு தரையிலயே படல. அது கெளம்பப் போற காலு." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்கிறவள்போல, "ஆனா போவ மாட்டீங்க. கட்டவெரலு தரையக் கெட்டியா புட்சிகினு கீது பாருங்க" என்றாள்.

இருபத்திரண்டு வயதுப் பெண். தடித்த கழுத்து. மல்யுத்த மெத்தையில் உரசி உரசி மடங்கிப்போய், அவித்த காளான் மாதிரி இறுகிய காதுகள். அவளைப் பிடிக்காமல் போக எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அந்த மனுவை நான் கடைசிவரை கொடுக்கவேயில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

எங்கள் தொழிற்சாலை எண்ணூர் நெடுஞ்சாலையில், திருவொற்றியூர் தாண்டி இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கும் அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் நாங்கள், லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதும் பிரிவு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க இருமிக்கொண்டு நிற்கும். மேஜையில் விரலை வைத்து இழுத்தால் விரல் கறுக்கும். எனக்குப் பக்கத்தில் அவள் பெயருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. மல்யுத்தம் ஆடுகிறவரை அதுதான் அவளுக்கு வேலை. பயிற்சி முகாம், போட்டி, மறுபடி முகாம். வருஷத்துக்கு நான்கைந்து முறை வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். நாற்காலியில் கோப்புகள் ஏறின. அடுத்த வருஷம் அவற்றின் மேல் இன்னும் கோப்புகள். பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

ராயபுரத்துப் பெண். மாதா கோயில் மணி வீட்டுக்குள்ளேயே அடிப்பதுபோல் கேட்கும் சந்து. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். குஸ்திக்கு எப்படி வந்தாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"பாக்சிங் கத்துக்கத்தாங்க்கா போனேன். எங்க ஏரியால கொயந்தயே கைய முறுக்கிகினுதான் பொறக்கும். லைனு தெரு வரிக்கும் நிக்குது. பக்கத்து ரூம்ல மெத்த விரிச்சிக் கெடந்துச்சு, ஆளே இல்ல. சரின்னு அங்க போய் நின்னுகினேன்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். காலியாக இருந்த அந்த மெத்தை அவளை ஐம்பத்தேழு கிலோ பிரிவில் நாட்டுக்காக மூன்று முறை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. ஒருமுறை வெண்கலத்தோடு திரும்பினாள். தொழிற்சாலை வாயிலில் மாலை போட்டு மேளம் அடித்தார்கள். மாலைக்குக் கழுத்தைக் கொடுத்துவிட்டு, மேளக்காரர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைப் பார்த்து ஆடுகிறவர்கள் தோற்றுப்போவார்கள் என்பாள். "கண்ணு பொய் சொல்லும்க்கா. தோளு கூட சொல்லும். பாதத்துக்கு அது தெரியாது. எந்தக் கால்ல வெயிட்டு கீதோ அந்தக் காலு நவுராது. எந்தக் காலு லேசாச்சோ, அதான் அப்பால வரும்." மெத்தையில் கற்ற இந்தப் பாடம் அங்கேயே நிற்காமல் கசிந்து எங்கள் சாப்பாட்டுக் கூடம்வரை வந்துவிட்டிருந்தது. எங்கள் பிரிவில் ஒருவர் பெயரும் அவளுக்குத் தெரியாது. 'தேச்சி நடப்பாரே, அவரு.' 'ஒத்தக் கால்ல தண்ணி குடிப்பாங்களே, அந்த மேடம்.' மேலதிகாரி ஒருவர் மேடையேறி, இந்தத் தொழிற்சாலைதான் என் குடும்பம், உங்களை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று மைக்கில் உருகியபோது, கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றவள் கொட்டாவி விட்டாள். "பின்னங்கால்ல நின்னுகினு பேசறாரு. பூடுவாரு." மாசம் முடிவதற்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார்.

ஒருநாள் சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடி என்றால் எலும்பில் தெரிகிற பிடி. நேராகப் போய்க்கொண்டிருந்த டிரெய்லர் ஒன்று, விளக்கும் போடாமல் ஹாரனும் அடிக்காமல், எங்கள் முன்னால் சடாரென்று இடதுபக்கம் ஒடித்துத் திரும்பியது. அதன் பின்சக்கரம் நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஏறி இறங்கியது. "முன் வீலு ரவையூண்டு திரும்புச்சுக்கா. அதுக்கும் அதான் காலு" என்றாள். நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வெகுநேரம் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அவளோடு பழகுவதில் ஒரு கூச்சம் உண்டு. மழைநாளில் என்னை அழைத்துப்போக வந்த வீட்டுக்காரரின் காலை அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். மறுநாள் பேச்சோடு பேச்சாக, எப்படி இருந்தார் என்று கேட்டேன். "நல்லாத்தான் நிக்கிறாரு" என்றாள். அவ்வளவுதான். அந்த 'தான்' என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. எந்தக் காலில் நிற்கிறார் என்று கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

பாய்லர் ஆபரேட்டர் ஒருவர்தான் அவளுக்குப் பயப்படாதவர். தண்டையார்பேட்டைக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. அவரை நைனா என்பாள். அவர் அவளைப் பயில்வான் என்பார். போட்டிக்கு மூன்று நாள் முன்பு எடை குறைக்க அவள் பாய்லர் அறைக்கு வருவாள். எடை பார்க்கும்போது ஐம்பத்தேழுக்கு மேல் கால் கிலோ ஏறினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பனியனுக்கு மேல் மழைக்கோட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா. சித்திரை மாசத்தில், கொதிகலனுக்கு நாலடி தள்ளி நின்று கயிறு தாண்டுவாள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. உடம்பில் கடைசியாக இருக்கும் நீரையும் விட்டுவைக்கக்கூடாதென்று ஒரு புட்டியில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பாள்.

"இன்னா பயில்வானு, வெந்துட்டியா, இன்னும் ஒரு விசிலு வுடணுமா?"

"பேசாத நைனா. பேசவெச்சா எச்சி முயுங்கிடுவேன்."

"இட்லி கொண்டாந்துகீறேன், மோந்து மட்டும் பாக்கறியா?"

அவள் கயிற்றைச் சுழற்றி அவர் காலில் ஒரு அடி வைப்பாள். சிரிப்பார். ஆனால் அவள் முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிற அந்த ஐந்து நிமிடம், மீட்டரைப் பார்க்கிற பாவனையில் அவள் மூச்சைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். உலர்ந்த உதடு வெடித்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து கடலைப் பார்ப்பேன். கடலில் எவ்வளவு தண்ணீர்.

முப்பத்துநான்காம் வயதில் இடதுகை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. என் மேஜையருகில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. அவள் அதைத் தவறவிட்டதாகவே உணரவில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தாள். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் நரம்பு நசுங்குகிறது, இன்னொரு முறை தலைகுப்புற விழுந்தால் அந்தக் கையே போய்விடலாம் என்று டாக்டர் படம் பிடித்துக் காட்டிவிட்டார். விளையாட்டிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால், மறுநாளிலிருந்து முழுநேர அலுவலக வேலை. கடிதத்தை நான்தான் எழுதித் தந்தேன். நாலே வரி. கையெழுத்து மட்டும் பாக்கி. "இன்னும் ஒரு டோர்னமெண்டுக்கா" என்று மூன்று முறை தள்ளிப்போட்டாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்து மெத்தைக்குப் போய்த் திரும்பி வந்தது.

பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள், அடுத்து என்ன? ஆளுக்கொரு பதிலும் வைத்திருந்தார்கள்: அவள் அம்மாவுக்குக் கல்யாணம். மாதா கோயில் ஃபாதருக்கு அந்தக் கோயில் இளைஞர்களின் உடற்பயிற்சிக் கூடம். மல்யுத்தச் சங்கத்துக்காரர்களுக்குக் கோச் படிப்பு. பாய்லர்க்காரருக்கு, "எங்கூட வந்துரு, ரெண்டு பேரும் வேவலாம்." எங்கள் எல்லாருடைய அடுத்ததும் அவளுக்கு அத்துப்படி. தன்னுடையதைக் கேட்டால் மட்டும் குனிந்து தன் காலைப் பார்ப்பாள். அங்கே அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

ஒருநாள் காலை திடீரென்று வந்து, "ஆபீஸ் வேலைய பயகிப் பாக்கறேங்க்கா" என்றாள். கோப்புகளை இறக்கி நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்தாள். நாற்காலியின் விளிம்பில், முழங்கால் மடக்கி, முன்னால் சாய்ந்து, விசில் ஊதக் காத்திருப்பவள்போல. கேட் பாஸ் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தேன். நான்கு எழுதினாள், நல்ல கையெழுத்து. நாற்பது நிமிடம் ஆனபோது அவள் நெற்றியில் பாய்லர் அறை வியர்வை. எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள்.

"இன்னாம்மா, முதுகு வலிக்குதா?"

"இல்லக்கா." வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தாள். பிறகு, "குந்துனா எதிர்ல யாருமே இல்லக்கா. எதிர்ல ஒருத்தர் நின்னாதான் எனக்கு அடுத்த காலு எங்க வெக்கறதுன்னு தெரியும்" என்றாள்.

இருபது வருஷமாக எதிரே ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவள் நான். மத்தியானம் அவள் போனபின் கோப்புகளை மறுபடி நாற்காலியில் ஏற்றினேன்.

அந்த வருஷம் மாநிலத் தேர்வுப் போட்டி நகரத்து உள்ளரங்கத்தில் நடந்தது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி நானும் பாய்லர்க்காரரும் போயிருந்தோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ரயில் நெடுக, "கய்த்துல அடி படாம இருக்கணும், அது போதும்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அரையிறுதியில் அவளுக்கு எதிரே சேலத்துப் பக்கத்துப் பெண், இருபது வயதிருக்கும். அந்தப் பெண் வலதுகாலை வைப்பாள் என்று நானே கண்டுகொண்டேன். எங்களவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது, உடம்புதான் ஒரு கணம் பிந்திப்போனது. கடைசி நொடிகளில் கணுக்காலும் மடங்கியது. தோற்றாள். நடுவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார்.

இவள் மெத்தையின் நடுவிலேயே உட்கார்ந்தாள். இடதுகால் ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

குஸ்திக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இனி ஆடப்போவதில்லை என்று முடிவு செய்தவர், கடைசி ஆட்டம் முடிந்ததும் மெத்தை நடுவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, ஜோடியாக அங்கேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிடுவார். சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. விட்ட ஷூவை யாரும் திரும்ப எடுத்து மாட்டுவதில்லை. அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அவளோ, தலையைக் கவிழ்த்து, அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு கண்ணியாகக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எழுந்தவர் ஒரு வயதான பயிற்சியாளர். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். கைதட்டல் கூரைத் தகரத்தில் மோதி இறங்கியது. சேலத்துப் பெண் ஓடிவந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். மைக்கில் ஒருவர், "நம் வட சென்னையின் வீராங்கனை இன்று விடைபெறுகிறார்" என்று தழுதழுத்தார். என் கண்ணும் நிறைந்துவிட்டது. கையெழுத்தில்லாத கடிதம், கழுத்து, கிளாஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அப்பாடா என்றிருந்தது.

பாய்லர்க்காரர் மட்டும் எழவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று, பாய்லர் இரைச்சலைத் தாண்டிப் பழகிய குரலில் கத்தினார்.

"யோவ், சொம்மா இருங்கய்யா! காலு வீங்கிகினு கீதுன்னு கொயந்த ஷூவ தளத்துது, கையி மரத்துப் போச்சு, அதான் லேட்டாவுது! எம்மா பயில்வானு, மூணாவது எடத்துக்கு இன்னொரு குஸ்தி கீது, ஷூவ மாட்டு!"

அவள் நிமிர்ந்தாள். ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, நின்று தட்டுகிற ஐந்நூறு பேரின் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். முகங்களை. எல்லார் அடுத்த அடியையும் முன்னமே அறிந்தவளை, இவ்வளவு பேர் சேர்ந்து முந்திக்கொண்டுவிட்டார்கள். கைதட்டல் தயங்கி, பிசிறி, சிரிப்பாகி அடங்கியது. மைக்குக்காரர் தொண்டையைச் செருமி அடுத்த எண்ணை அழைத்தார். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு நொண்டி இறங்கினாள்.

ஓய்வறை வாசலில் கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் போனேன். அவளாகத்தான் சொன்னாள். "செத்த வூட்டுக்கு வந்தவங்க மாரி எல்லாம் எயுந்து நின்னாங்கக்கா. பயந்தே பூட்டேன்." பிறகு, "ஆனா பாருங்க, ஒண்ணியும் ஆவல. தட்டுனாங்க, நிறுத்திட்டாங்க. நான் அங்கயேதான் குந்திகினு இருந்தேன்" என்றாள். அதில் அவளுக்கு என்ன பிடிபட்டதோ, சிரித்தாள்.

மூன்றாமிடத்துக்கான ஆட்டம் பன்னிரண்டரைக்கு. எதிரே மதுரைப் பக்கத்துப் போலீஸ்காரப் பெண். பாய்லர்க்காரர் என் புடவைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டதைக்கூட உணரவில்லை. ஆறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்தப் பெண்ணின் வலது குதிகால் லேசாக எழுந்தது. அது இறங்குவதற்குள் எங்களவள் அந்த இடத்தில் இருந்தாள். தலைக்கு ஒன்றும் ஆகாமல், கழுத்துக்கு ஒன்றும் ஆகாமல், இரண்டு புள்ளி. வென்றாள்.

அரங்கம் பாதிக்கு மேல் காலி. பின்பக்கம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் கையைத் தூக்கி இறக்கியதும் அவள் மெத்தை நடுவுக்குப் போய் உட்கார்ந்தாள். இடது ஷூ. பிறகு வலது. இரண்டையும் ஜோடி சேர்த்து வைத்தாள். ஒருவரும் எழவில்லை. தட்ட வேண்டியதை எல்லாரும் தட்டி முடித்திருந்தார்கள். மறுபடியும் வீக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாய்லர்க்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

ஆட்டங்களுக்கு நடுவே மெத்தையைத் துடைக்கும் பெண்மணி, வாளியும் நீளத் துடைப்பானுமாக ஏறினாள்.

"எம்மா, இத்து உன்துதானே? எட்துகினு போ, தொடைக்கணும்."

"வுட்டுட்டேங்க்கா."

"எதுக்கு? நல்லாத்தானே கீது?"

"போதும்னுதான்."

அந்த அம்மாள் ஷூவைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். ஓரத்திலிருந்து நீள நீளமாகத் துடைத்துக்கொண்டு நடுவுக்கு வந்தவள், ஷூவை நகர்த்தாமல், சுற்றி வளைத்துத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

வெளியே மத்தியான வெயில். படிக்கட்டில் கால் வைத்தவள் "ஸ்ஸ்ஸ்" என்று துள்ளி மேலே ஏறிக்கொண்டாள். மாற்றுச் செருப்பு கொண்டுவரவில்லை. ஷூவை விடப்போவது வரும்போது அவளுக்கே தெரியாதே. பாய்லர்க்காரர் தன் செருப்பைக் கழற்றினார்.

"இந்தா, என்னுத்த போட்டுக்க."

"உன்து பத்து நைனா. என்து ஆறு. உயுந்து கைய ஒடச்சிக்கவா?"

"சரி, சொல்லு. அப்பால இன்னா?"

பன்னிரண்டு மாசமாக எல்லாரும் கேட்ட கேள்வி.

"திங்கக்கெயம அக்காகிட்ட வந்து கையெய்த்துப் போடணும்." நெற்றிக்குக் கையை வைத்து வெயிலைப் பார்த்தாள். "அதுக்கு மொதல்ல ஒரு செருப்பு வாங்கணும். தரை இன்னாமா சுடுது."

எதிர்ச் சாரியில் பிளாட்பாரக் கடை ஒன்று இருந்தது. நின்றிருந்த பஸ்ஸின் நிழலுக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு வேப்பமர நிழலுக்கு நொண்டித் தாவினாள். அடுத்த நிழல் எங்கே என்று நின்று நிதானமாகத் தேடினாள். கடைக்காரர் நீல ரப்பர் செருப்பொன்றை எடுத்துப் போட்டார். மாட்டிக்கொண்டு நாலடி நடந்து திரும்பிவந்தாள்.

"இன்னாண்ணா, இவ்ளோ லூசா கீது? காலு உள்ள நிக்கவே மாட்டேங்குது."

"செருப்புன்னா அப்டித்தாம்மா இருக்கும்" என்றார் அவர்.